பெயரே முதல் கோடு: சொந்த லோகோ வரைய விரும்பும் மொரிசியஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோஸ் ஹில்லில் பெயர்ப்பலகைகளும் அழைப்பிதழ்களும் வரைந்து வரும் என்னிடம், சில ஆண்டுகளாக ஒரே விதமான கேள்விகளோடு பலர் வருகிறார்கள். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர், திருமணங்களில் படம் எடுப்பவர், பரதநாட்டியம் கற்றுக்கொடுப்பவர், புதிதாக வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர் என்று அனைவரும் தனி மனிதர்கள். தம் பெயருக்கென்று ஒரு லோகோ வேண்டும், அதைப் பார்த்தால் தாம் யார் என்பது தெரிய வேண்டும் என்கிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: கையெழுத்து இருக்கும்போது லோகோ எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

கையெழுத்து நம் ஒப்புதலுக்குச் சாட்சி. போடும் ஒவ்வொரு முறையும் அது சிறிதளவு மாறும். லோகோ அப்படி மாறக் கூடாது. நாம் அருகில் இல்லாத இடத்தில் நமக்குப் பதிலாக நின்று, "இது இன்னாருடையது" என்று சொல்வதுதான் அதன் வேலை. எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்துப் பித்தளைச் செம்பு ஒன்று இருக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி 'மு' என்ற ஓர் எழுத்தும், அதை ஒட்டி ஒரு சிறிய பிறையும் பொறித்திருக்கிறார்கள். விசேஷ வீட்டில் பத்துச் செம்புகள் கலந்து கிடந்தாலும் எங்களுடையதை ஒரு பார்வையில் எடுத்துவிடலாம். அந்த எழுத்தும் பிறையும் எங்கள் குடும்பத்தின் லோகோ என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. மதுரைக்கு அருகிலுள்ள கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற ஆட்பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. பானையின் மேல் தன் பெயரைக் கீறிவைத்த அந்த மனிதரின் தேவையும், இன்று தன் பலகாரப் பெட்டியின் மேல் பெயரை அச்சிட நினைப்பவரின் தேவையும் ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு லோகோ உண்மையிலேயே தேவையா?

உங்கள் வேலை உங்கள் கையை விட்டுப் பிறர் கைக்குப் போகிறது என்றால் தேவை. மாதச் சம்பளத்தில் ஓர் அலுவலகத்தில் மட்டும் பணிபுரிகிறீர்கள் என்றால் அவசரமில்லை; தெளிவாக அச்சிட்ட பெயரே போதும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெயரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. மொரிசியஸ் தமிழருடைய பெயருக்குள்ளேயே ஒரு நீண்ட கதை இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர் தன் வாயால் சொன்ன பெயரை, தமிழ் தெரியாத எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த எழுத்துக்கூட்டலில் பதிவேட்டில் எழுதினார். அதனால்தான் முத்துசாமி என்ற பெயரில் 'ஓ' எழுத்து இரட்டை இரட்டையாக வருகிறது. கருப்பன் என்ற பெயர் நடுவில் 'யு' என்ற எழுத்தோடு குறுகிப்போகிறது. நம் 100 ரூபாய்த் தாளில் உருவம் அச்சிடப்பட்டிருக்கும் ரங்கநாதன் சீனிவாசன் அவர்களின் பெயரையும் அந்த எழுத்துக்கூட்டலில்தான் இங்கே நாம் அனைவரும் அறிவோம். இந்த எழுத்துக்கூட்டலைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். இந்தத் தீவில் நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்கு அது ஒரு தடயம். லோகோவில் அதற்கும் இடம் கொடுக்கலாம்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று வரிகள் எழுதுங்கள். அடையாள அட்டையில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, தமிழில் அதை எப்படி எழுத வேண்டும், வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்ற மூன்றும் போதும். இந்த மூன்றில் எதைச் சொன்னால் உங்களை அறிந்தவர்கள் உடனே திரும்பிப் பார்ப்பார்களோ, அதுதான் உங்கள் லோகோவின் மூலப்பொருள்.

கேள்வி: என் பெயரைத் தமிழில் சரியாக எழுத எனக்கே தெரியாது. என்ன செய்வது?

இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்த நம்மில் பலரின் நிலை இதுதான். ஆனால் ஊகித்து எழுதிவிடாதீர்கள். ரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே தெரியும். ன, ண இரண்டும் அப்படியே. 'வேலு' என்பது 'வேளு' என்று பலகையில் ஏறிவிட்டால், தமிழ் படித்தவர் ஒவ்வொருவரும் அதில் இடறுவார்.

முதலில் வீட்டிலுள்ள பழைய தாள்களைப் பாருங்கள்: தாத்தாவின் திருமண அழைப்பிதழ், கோயில் நன்கொடை ரசீது, பக்திப் பாடல் எழுதிய குறிப்பேடு. பிறகு ஒரு தமிழாசிரியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். இன்னும் பின்னோக்கிப் போக விரும்பினால், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் அந்த ஏற்பாட்டில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனி எண் கொடுக்கப்பட்டது. தன் முன்னோரின் அந்த எண்ணைக் கண்டுபிடித்து, எழுத்துக்கு அடியில் ஒரு மெல்லிய வரிசையாக வைத்துக்கொண்ட ஒரு தச்சரின் லோகோவை நான் வரைந்திருக்கிறேன். போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்ற பழைய குடியேற்ற இறங்குதுறையின் 16 படிக்கட்டுகளில் ஏறி வந்தவருக்கு எண்ணாகக் கொடுக்கப்பட்டதை, அவருடைய வழியில் வந்தவர் தன் கைவேலையின் முத்திரையாக ஆக்கிக்கொண்டார். நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தவற்றுள் அது ஒன்று.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1810-க்கு முன்பே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களாகவும் கைவினைஞர்களாகவும் வந்தவர்களின் வழியில் நீங்கள் வந்திருந்தால், இந்தப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இருக்காது.

கேள்வி: தமிழ் எழுத்தில் போடுவதா, ரோமன் எழுத்திலா, இரண்டிலுமா? வாடிக்கையாளர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே?

எழுத்தின் வரிசை இந்த நாட்டில் சாதாரண விஷயம் அல்ல. 1998-ல் வெளியான புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து, வழக்கத்துக்கு மாறாகத் தேவநாகரி எழுத்துக்கு அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-ல் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்ற பழைய வரிசையுடன் மீண்டும் அச்சாயின. அந்தத் தாளைக் கையில் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதிலுள்ள தமிழை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்கள்? ஆனாலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். எழுத்து, படிக்கப்படுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

எனவே என் பரிந்துரை இது: ஒரு தமிழ் எழுத்து முத்திரையாக நிற்கட்டும்; முழுப் பெயர் அதன் அடியிலோ பக்கத்திலோ ரோமன் எழுத்தில் தெளிவாக இருக்கட்டும். தமிழ் தெரியாதவர் முதலாவதை ஒரு வடிவமாக நினைவில் வைத்துக்கொள்வார். பெயரை இரண்டாவதில் படித்துக்கொள்வார். இரண்டையும் ஒரே அளவில், ஒரே தடிமனில், ஒரே வரியில் வைத்தால் ஒன்றோடொன்று போட்டியிடும். கண் எங்கும் நிற்காது. ரோமன் எழுத்தை வளைத்து நெளித்துத் தமிழ் எழுத்தின் சாயலில் வரைவதையும் தவிர்க்கச் சொல்வேன். அது இரண்டு எழுத்துக்கும் மரியாதை செய்வதாகாது.

கேள்வி: முதலெழுத்து என்றால் எதை எடுப்பது? முருகன் என்றால் 'ம' போதுமா?

போதாது, 'மு' என்றுதான் எடுக்க வேண்டும். ரோமன் எழுத்தில் 'எம்' என்பது முழுமையான முதலெழுத்து. தமிழில் உயிர்மெய்தான் ஓர் எழுத்து. 'ம' என்று மட்டும் வரைந்தால் அது மாரியம்மாளுடையதும் இல்லை, முருகனுடையதும் இல்லை. இது வடிவமைப்பவருக்கு ஒரு கொடையும்கூட. 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஓர் ஆய்தமுமாக 247 எழுத்துகள் நமக்கு உண்டு என்பதால், ஒரே எழுத்தைக் கொண்ட முத்திரைகூடப் பிறருடையதோடு மோதும் வாய்ப்புக் குறைவு.

வடிவத்தை நிதானமாகப் பாருங்கள். 'மு' அடியில் சுழித்து முடிகிறது. 'வீ' மேலே கொக்கிபோல் வளைகிறது. 'கோ' முன்னும் பின்னும் கைகளை நீட்டி நடுவில் நிற்கிறது. 'ச' ஏறக்குறைய நேர்கோடுகளால் ஆனது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் தன் பெயரின் 'ஏ' எழுத்தை அகலமான வாசல்போல் வரைந்து, அதன் கால்களுக்கு நடுவே 'டி' எழுத்தை வைத்தார். அவர் எதையும் ஒட்டவைக்கவில்லை. முதலெழுத்தில் ஏற்கெனவே இருந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்தார். உங்கள் எழுத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய எழுத்து வடிவங்களையும் மறந்துவிடாதீர்கள். அண்ணாமலை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, இந்தப் பெயரிலுள்ள 'ணா' தனிக் கால் இல்லாமல் ஒரே சுழியாகவும், 'லை' யானைத் துதிக்கை போன்ற வளைவு முன்னால் தூக்கி நிற்கும்படியும் எழுதப்பட்டன. ஒரே பெயரில் இரண்டு பழைய வடிவங்கள்! தாத்தாவின் குறிப்பேட்டில் அந்த வளைவை அவர் எப்படி இழுத்தார் என்று பார்த்து, அதன் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து எடுத்தால், உலகில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கோடு உங்களுக்குக் கிடைக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வடிவத்தை வாசிப்பது கடினம் என்பதால், முத்திரைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பெயரை இன்றைய எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: வேல், மயில், ஓம், டோடோ, கரும்பு: இவற்றில் எதைச் சேர்க்கலாம்?

இவை எல்லோருக்கும் பொதுவானவை. உங்களைத் தனியாகக் காட்டாதவை. டோடோவும் கரும்பும் நாட்டுச் சின்னத்திலேயே இருக்கின்றன. சுற்றுலாக் கடைகளின் பைகளிலும் டோடோவையே பார்க்கிறோம். அந்தக் கூட்டத்தில் உங்கள் டோடோவை யார் கண்டுபிடிப்பார்? நாட்டுச் சின்னத்தை அப்படியே எடுத்துத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் சட்டச் சிக்கலும் வரும்.

வேலும் ஓமும் வேறு வகை. அவற்றின் மேல் நமக்குப் பக்தி இருப்பதால்தான் கவனம் தேவை. சாப்பாட்டுப் பெட்டியின் மேல் வேலின் படத்தை அச்சிட்டால், அந்தப் பெட்டி மாலையில் எண்ணெய்க் கறையோடு குப்பைத் தொட்டிக்குப் போகும். சட்டைக் கழுத்தில் தைத்தால் துவைக்கும் கல்லுக்குப் போகும். காவடிக்காக விரதமிருந்து நடக்கும் ஒருவர் அதைத் தெருவில் கிடக்கப் பார்த்தால் மனம் நோகும். கோயில் திருப்பணிக்காகவோ பக்திப் பாடல் குழுவுக்காகவோ என்றால் தயங்க வேண்டியதில்லை. வணிகத்துக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

படம் வேண்டும் என்றால் உங்கள் கை தினமும் தொடும் பொருளிலிருந்து எடுங்கள். தையற்காரருக்கு ஊசியின் காது, மிருதங்கம் வாசிப்பவருக்கு வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டம், பலகாரம் செய்பவருக்கு முறுக்கு அச்சின் துளை. முறுக்கு விற்கும் அக்கா ஒருவருக்கு அச்சுத் தட்டிலுள்ள நட்சத்திரத் துளையையே அவருடைய எழுத்தின் மேல் வைத்தேன். வாங்குபவர்கள் அதைப் பூ என்றே நினைக்கிறார்கள். முறுக்குப் பிழியத் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்கிறார்கள்.

கேள்வி: புள்ளிக் கோலத்தை அடிப்படையாக வைத்து வரையலாமா?

தாராளமாக வரையலாம். 5 புள்ளி, 5 வரிசை வைத்து, அந்தச் சட்டத்துக்குள் உங்கள் எழுத்தை வரைந்து பார்த்தால் வளைவுகள் தாமாகவே ஒரே அளவுக்கு வரும். வரைந்து முடித்ததும் புள்ளிகளை அழித்துவிடுங்கள். முழுக் கோலத்தையும் வைத்துக்கொண்டால் சிறிய அளவில் அது வெறும் வலையாகத்தான் தெரியும்.

கேள்வி: எந்த நிறம்?

முதலில் கருப்பு மட்டும். கருப்பு மையில் வெள்ளைத் தாளில் நிற்காத லோகோவை எந்த நிறமும் காப்பாற்றாது. ரப்பர் முத்திரைக்கும் ரசீதுக்கும் ஒரு நிறம்தான் கிடைக்கும். அதன் பிறகு ஒரே ஒரு நிறம் சேர்க்கலாம். கொடியிலுள்ள சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நான்கையும் சேர்த்தால் அது நாட்டின் நிறமாகிவிடும், உங்களுடையதாக இருக்காது. மஞ்சள் எழுத்து வெள்ளைத் தாளில் மறைந்துவிடும் என்பதால், மஞ்சள்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பின்னணியாக வைத்து எழுத்தைக் கருஞ்சிவப்பில் எழுதலாம்.

கேள்வி: கணினியில் எந்த எழுத்துருவைப் பயன்படுத்தலாம்?

நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர் ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிக லோகோவுக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் எழுத்துருவை அப்படியே தட்டச்சிட்டு வைத்தால் அது இன்னொருவரிடமும் இருக்கும். அதைச் சட்டகமாக வைத்துக்கொண்டு, ஒரு வளைவையாவது உங்கள் கையால் மாற்றி வரையுங்கள்.

கேள்வி: வரைந்து கொடுத்தது ஒன்று, அச்சாகி வந்தது வேறு. ஏன் இப்படி ஆகிறது?

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மேளக் குழுவுக்கான துணிப் பதாகையை அச்சகத்துக்கு அனுப்பினேன். 'கோ' என்ற எழுத்தில், முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. பெயருக்கு உரியவரின் தாயார் அதை விரித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காரணம் எளியது. கொம்பும் ககரமும் காலும் கணினிக்குள் ஒரு வரிசையில் இருக்கின்றன. திரையில் வேறு வரிசையில் அடுக்கப்பட வேண்டும். அந்த அடுக்கும் வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் எழுத்து உடைந்துவிடுகிறது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்கிய பிறகே தமிழைத் தட்டச்சிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு எந்தக் கணினியும் அவற்றை உடைக்க முடியாது. படம் வரையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழ் எழுத்தைக் கேட்டால், எழுத்துபோலத் தோன்றும் வேறொன்றை அவை அடிக்கடி தருகின்றன. யோசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சிறிய அளவில் என் பெயரின் புள்ளிகள் மறைந்துபோகின்றன. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. 'கண்ணன்' என்ற பெயரில் இரண்டு புள்ளிகளும் மறைந்தால் 'கணணன' என்றாகிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டு எழுதினார்கள். வாசித்தவர்கள் பொருளறிந்து சேர்த்துக்கொண்டார்கள். நம் பள்ளிகளில் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளையால் அப்படிச் சேர்த்துக்கொள்ள முடியாது. புள்ளியின் அகலம் எழுத்துக் கோட்டின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். எழுத்தின் தலையை ஒட்டாமல் இடைவெளியும் இருக்கட்டும். புள்ளியைச் சதுரமாகவோ, மிளகு போலவோ, சிறு வளையமாகவோ வரைந்து அதையே உங்கள் அடையாளமாக்குவதும் அழகான வழி.

சோதனை ஒன்று செய்யுங்கள். லோகோவை 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் படம்போல் வட்டமாக வெட்டிப் பாருங்கள். பிறகு 1 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். நீண்ட தமிழ்ப் பெயர் வட்டத்துக்குள் இரு முனையிலும் வெட்டுப்படும் என்பதால், அந்த இடங்களுக்கு முதலெழுத்து மட்டும் போதும். துணியில் நூலால் தைப்பதாக இருந்தால், 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளை நம்ப வேண்டாம்.

கேள்வி: வேறொருவரை வரையச் சொன்னால் உரிமை யாருடையது?

ஓவியம் என்ற வகையில், பெர்ன் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமை வரைந்த அந்தக் கணத்திலேயே தோன்றிவிடுகிறது, பதிவு தேவையில்லை. அது யாருக்கு என்ற குழப்பம் வராதிருக்க, முழு உரிமையும் உங்களுக்கு மாற்றப்படுகிறது என்று ஒரு பக்கமாவது எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர் இலவசமாக வரைந்து கொடுத்தாலும் எழுதிக்கொள்வது நல்லது; மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான். தொழிலுக்காகப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்க வேண்டும் என்றால், 2019-ஆம் ஆண்டின் தொழிற்சொத்துச் சட்டப்படி அதை வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம்; பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

வடிவமைப்பவரிடமிருந்து கோட்டு வடிவக் கோப்பை, அதாவது எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பை, கேட்டு வாங்குங்கள். வெறும் ஜேபெக் படம் மட்டும் கிடைத்தால், பெரிய பலகைக்கு அதை விரிக்கும்போது ஓரங்கள் சிதையும்.

கேள்வி: என் லோகோவை என் மகள் பயன்படுத்தலாமா?

அவளுடைய பெயர் வேறு, எழுத்து வேறு. ஆகவே அப்படியே கொடுப்பதைவிட ஒரு பகுதியைக் கொடுங்கள். எங்கள் செம்பிலிருந்த 'மு' கொள்ளுத்தாத்தாவுடையது. அதை நான் எடுக்கவில்லை, பிறையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் என் எழுத்தை வைத்தேன். என் மகள் போன மாதம் தன் ஓவியங்களின் மூலையில் 'யா' என்று எழுதி, அந்தக் காலின் முனையில் அதே பிறையைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறாள்.